கிறேசின் உப்பு வைத்தியம்

குச்சவெளியில் கருவாடு போடுகிற பெண்கள் முப்பது பேருக்குக் குறையாது. அவர்களில் உப்புப் பதம் தெரிந்தவள் யார் என்று கேட்டால், கிறேசைப் பிடிக்காதவர்கள்கூடக் கிறேசின் பெயரைத்தான் சொல்வார்கள். பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதற்கு அவளுடைய குணந்தான் காரணம். அவள் யாரையும் நம்பமாட்டாள். கரைவலை முதலாளியான சம்மாட்டி நல்ல மீனாகப் பார்த்துக் கொடுத்தால், அடியில் அழுகல் கிடக்கும் என்று ஓலைக் கடகத்தைக் கவிழ்த்துப் பார்ப்பாள். சுவாமியார் பூசையைச் சுருக்கமாக முடித்தால், இன்றைக்கு எங்கோ விருந்து இருக்கிறது என்பாள். அவளுக்கு மூன்று இடத்தில் கலியாணம் பேசி வந்தார்கள். மூன்று மாப்பிள்ளைகளிடமும் ஏதோ ஒளிப்பு இருப்பதாக அவளுக்குப் பட்டது. பிறகு யாரும் பேசி வரவில்லை.

தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் கண்ணை மூடியபோது கிறேசுக்குப் பதினாறு வயது, தம்பி சிறிலுக்கு நாலு. அவனைச் சோறு ஊட்டி, அடித்து, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவள் அவள்தான். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சிறிலுக்குத் திருகோணமலைத் துறைமுகத்து வேக்ஷொப்பில் இயந்திரம் பூட்டுகிற பிற்றர் வேலை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனால் சனிக்கிழமை பின்னேரந்தான் வீட்டுக்கு வருவான். இருபத்தேழு வயதிலும் அக்காவின் முன்னால் சிகரெட் பிடிக்கமாட்டான். அக்காவின் கறியில் உப்புக் கூடிவிட்டால் அதையும் சொல்லமாட்டான்.

அவனுக்கு மூதூரிலிருந்து இன்பமலரைப் பேசி எடுத்தவளும் கிறேஸ்தான். நாலு தரம் லோஞ்ச் படகில் போய் வந்து, அக்கம்பக்கம் விசாரித்துத்தான் எடுத்தாள். அப்படி விசாரித்தும் ஒரு விஷயம் தப்பிவிட்டது. கலியாணப் பந்தியில் பக்கத்தில் இருந்த மூதூர்க்காரி ஒருத்தி, பெண்ணின் தாய் இரண்டாவது பிள்ளைப்பேற்றில் உடம்பெல்லாம் வீங்கி, வலிப்பு வந்து செத்துப்போனவள் என்று வாய்தவறிச் சொன்னாள். பெண் வீட்டார் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கிறேசுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தன்னையே ஏமாற்றிவிட்டார்களே என்ற கொதிப்பு அவளுக்கு அதற்குப் பிறகு அடங்கவேயில்லை.

இன்பமலருக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது கால் வீங்கியது. மருத்துவிச்சி பாக்கியரத்தினம் சைக்கிளில் வந்து பார்த்தாள். நிலாவெளி தொடங்கிப் புல்மோட்டை வரைக்கும் அவள் ஒருத்திதான் அரசாங்க மருத்துவிச்சி. இன்பமலரை வாங்குப் பலகையில் இருத்தி, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து, மெல்லத்தான் நிரம்பியது. முகத்தையும் கைவிரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பின்னேரத்தில கால் வீங்கிறது கன பேருக்கு உள்ளதுதான் பிள்ளை. விடிய எழும்பேக்க முகமும் கையும் ஊதியிருந்தாத்தான் எனக்குப் பயம். தலையிடிச்சாலும் கண் மங்கினாலும் ஒரு நிமிஷமும் நிக்காம ஆள் அனுப்பு,” என்றாள்.

மத்தியானத்தில் இடப்பக்கமாகச் சரிந்து, காலுக்குத் தலையணை வைத்துப் படுக்க வேண்டும். வெயிலில் நின்று மீன் வெட்டக்கூடாது. கருவாடு வாயில் வைக்கக்கூடாது, கறிக்கு உப்புப் பாதியாகக் குறைய வேண்டும், தண்ணீரைத் தாகத்துக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். புதன்கிழமைகளில் அவள் குச்சவெளிக் கிளினிக்கில் இருப்பாள். அன்று விடியற்காலையில் கழிக்கிற சலத்தை ஒரு போத்தலில் பிடித்து அனுப்ப வேண்டும். அவள் அதை ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்பாள். வெள்ளையாகத் திரண்டால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள். இவ்வளவையும் இரண்டு தரம் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனாள்.

இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் பட்டப்பகலில் படுக்கை. கிறேஸ் குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவிச்சிக்கும் இவளுக்கும் முன்னமே ஏதோ பேச்சு நடந்திருக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதையாவது விட்டுவிடலாம். கிறேசின் வீட்டில் நின்றுகொண்டு உப்பைப் பற்றிப் பேசியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

உப்பு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? பாரையை முதுகால் கீறி, விரித்து, கழுவி, ஒரு வரி மீன் ஒரு வரி உப்பு என்று தொட்டியில் அடுக்குவாள். சொட்டுத் தண்ணீர் விடமாட்டாள். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் மீன் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மீனின் சதைக்குள்ளே கிடந்ததை உப்புத்தான் இழுத்து வெளியே விட்டது. பதினாறு வயதிலிருந்து அவள் ஒவ்வொரு நாளும் கண்ணால் காண்கிற காரியம் அது. மீனின் சதையில் இழுக்கிற உப்பு மனிதரின் காலில் இழுக்காதா? காய வேண்டிய மீனுக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? மருத்துவிச்சி புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து கதைக்கிறாள், இவள் ஒரு நாளாவது ஒரு மீனை உப்பில் போட்டிருப்பாளா என்று கிறேஸ் நினைத்தாள்.

அடுத்த நாளே வைத்தியம் தொடங்கியது. காலையில் பிட்டோடு பொரித்த கட்டாக் கருவாடு இரண்டு துண்டு. மத்தியானம் கழுவாத கருவாட்டில் குழம்பு. பின்னேரம் உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் காலுக்கு ஒத்தடம். தண்ணீர் காலையில் ஒரு தகரப் பேணி, மாலையில் ஒரு பேணி. குடத்தைக் கிறேஸ் தன் அறைக்குள் தூக்கி வைத்துக்கொண்டாள். கெடுதல் நினைத்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. தம்பியின் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று ஒவ்வொரு இரவும் செபமாலை சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

மருத்துவிச்சி வேறு மாதிரிச் சொன்னாவே என்று இன்பமலர் ஒரே ஒரு தரம் மெல்லக் கேட்டாள். கிறேஸ் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

“உங்கட அம்மாவின்ட சங்கதியை மறைச்சு என்ட தம்பியின்ட தலையில கட்டினவங்கள் உங்கட ஆக்கள். உடம்பு வீங்கிற அந்தத் தண்ணி வருத்தம் உனக்கும் இருக்கெண்டு கண்டன் எண்டா, லோஞ்சில ஏத்திக்கொண்டுபோய் மூதூரில உங்கட அப்பாவின்ட வாசலில விட்டுப்போட்டு வந்திடுவன். ஆஸ்பத்திரி, கட்டில் எண்டு எனக்குக் கதை சொல்லப்படாது.”

அதற்குப் பிறகு இன்பமலர் எதுவும் கேட்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டாள். இரண்டாம் கிழமை, “வத்திட்டுது மச்சாள்,” என்றாள்.

சேலையை மண்ணில் இழுபடக் கட்டியிருந்தாள். விரல் நுனிகள் மட்டுந்தான் வெளியே தெரிந்தன. எதையும் கவிழ்த்துப் பார்க்கிற கிறேஸ் அந்தச் சேலையை ஒரு சாண் தூக்கிப் பார்க்கவில்லை. தன் வைத்தியம் பலித்ததை மட்டும் அவள் சந்தேகமில்லாமல் நம்பினாள். கரை முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

புதன்கிழமைப் போத்தலைக் கிறேசே கொண்டுபோனாள். இன்பமலரை அனுப்பினால் நாலு பெண்களோடு கூடியிருந்து வீட்டுக் கதை கதைப்பாள் என்ற எண்ணம். மருத்துவிச்சி கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினாள். தெளிவாகவே இருந்தது. இரண்டாம் புதனும் அப்படியே. ஆளையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு வா என்றாள் மருத்துவிச்சி. வற்றிவிட்டது, பிறகு எதற்கு என்றாள் கிறேஸ். மூன்றாம் புதன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கிறேஸ், குறை நினைக்காத. இது அந்தப் பிள்ளையின்டதானே?” என்று கேட்டாள் மருத்துவிச்சி. அன்று கிறேஸ் அங்கே பிடித்த சண்டையைக் கிளினிக்குக்கு வந்திருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மருத்துவிச்சி அதற்குமேல் பேசாமல், நாளை மறுநாள் தானே வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை புல்மோட்டையில் ஒரு பிரசவம் இழுத்துக்கொண்டதால் அவளால் வர முடியவில்லை. நாலாம் புதன் போத்தலும் தெளிவாகவே இருந்தது.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே மேற்கிலிருந்து அனல் அடிக்கும். கருவாடு ஒரே நாளில் விறகாகக் காயும். வேலை கூடிய அந்த நாட்களில்தான் கிறேஸ் முற்றத்தில் அந்தக் காலடிகளைக் கண்டாள்.

டயர்ச் செருப்பின் தடம். ஆண்பிள்ளைக் கால். குசினிக் கதவடியில் தொடங்கி, கருவாட்டுப் பந்தலைச் சுற்றி, பின்வேலியில் ஆள் நுழைகிற கடப்பு வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. அன்று புதன்கிழமை. சிறில் திங்கள் போனவன். வேறொருவன் வந்து போகிறான் என்று கிறேசுக்குப் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு இன்பமலரின் ஒவ்வொரு அசைவையும் பார்க்கத் தொடங்கினாள்.

பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்தி வந்தது. இன்பமலரின் விரலில் தாலி கட்டிய அன்று போட்ட மோதிரம் இல்லை. கேட்டால், மீன் கழுவும்போது நழுவுகிறது, அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன் என்றாள். முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தாள். முகத்தை நேரே காட்டுவதில்லை. குற்றமுள்ளவள்தானே முகத்தை ஒளிப்பாள்? சனிக்கிழமை சிறில் வந்தபோது, இவளின் முகம் ஊதினமாதிரி இருக்கிறதே என்று கேட்டான். பிள்ளைத்தாய்ச்சியின் முகம் அப்படித்தான் இருக்கும், நீ எத்தனை பிள்ளை பெற்றாய் என்று கிறேஸ் ஒரு அதட்டல் போட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான். இன்பமலர் அன்று முழுவதும் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஸல்ஹாவின் வீடு. ஸல்ஹாவின் புருஷன் தோப்பூரில் கடை வைத்திருந்தான். வீட்டில் அவளும் இரண்டு சின்னப் பிள்ளைகளும், அவளுடைய தம்பி அபூதாஹிரும். அபூதாஹிருக்கு இருபத்தைந்து வயது, தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து இழுத்திருப்பான், வலைக்குப் போகிறவன், டயர்ச் செருப்புப் போடுகிறவன். குச்சவெளியில் செருப்புப் போடுகிற ஆண்கள் எல்லோருமே டயர்ச் செருப்புத்தான் போட்டார்கள். அது கிறேசின் புத்தியில் ஏறவில்லை. ஒரு நாள் கிணற்றடியில் அவன் இன்பமலரின் குடத்தை வாங்கித் தூக்கிவிட்டது மட்டும் இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த செவ்வாய் மாலை, புதுத் தடம் விழுந்தால் தெரியும்படி முற்றம் முழுவதையும் ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு விழ இழுத்துக் கூட்டினாள். சிறிலிடம் இப்போதைக்குச் சொல்லக்கூடாது, கையோடு பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். புதன்கிழமை கிழக்கு வெளுக்க முன்னமே எழும்பி, கருவாட்டுப் பந்தலின் கீழே தொட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள்.

குசினிக் கதவு திறந்தது. வெளியே வந்தது இன்பமலர்தான், தனியே வந்தாள். கையில் போத்தல். காலில் சிறில் கழித்துவிட்ட பழைய டயர்ச் செருப்பு.

கிறேஸ் அந்தக் காலைப் பார்த்தாள். சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசல்படியில் இறங்கவே கஷ்டப்பட்டு, ஒவ்வொரு அடியாக அவள் நடந்தாள். ஆண்பிள்ளைச் செருப்பும் அவளுக்குப் போதவில்லை. வார் சதைக்குள் புதைந்து, கால் இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கணுக்கால் எங்கே என்று தெரியவில்லை. பாதமும் காலும் ஒரே பருமனில் இருந்தன.

கண்டது என்னவென்று கிறேசுக்கு உடனே பிடிபடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கிழமையாக மனதில் ஊறப்போட்டிருந்த சந்தேகம் அவ்வளவு சுலபமாக விட்டுப்போகுமா? அவள் ஓசைப்படாமல் பின்னாலேயே போனாள். கடப்பைத் தாண்டி, ஸல்ஹாவின் குசினி வாசலில் போய் நின்று எட்டிப் பார்த்தாள்.

இன்பமலர் நிலத்தில் கால் நீட்டிச் சுவரோடு சாய்ந்திருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு செம்பு. மூச்சு விடாமல் குடித்து முடித்துவிட்டு, செம்பை நீட்டினாள். ஸல்ஹா இன்னொரு செம்பு வார்த்தாள். அதையும் குடித்தாள். பக்கத்தில் போத்தல் நிரம்பி இருந்தது.

“எங்க அவன்?” என்றாள் கிறேஸ்.

“எவன்?” என்றாள் ஸல்ஹா.

“உன்ட தம்பி.”

“அபூதாஹிர் போய் பதினைஞ்சு நாளாச்சு. புல்மோட்டைப் பக்கம் வலைக்கு நிக்கிறான்.” ஸல்ஹாவுக்கு அப்போதுதான் கேள்வியின் கருத்து விளங்கியது. “கிறேசக்கா, நாங்க இருபது வருஷம் ஒரே வேலிக்கு ரெண்டு பக்கமும் இரிக்கிறோம். அதால நீங்க கேட்டதை விட்டுர்றன். இந்தப் புள்ள இங்க வாறது தண்ணி குடிக்கத்தான். உங்கட ஊட்டுல அவக்குத் தண்ணி இல்லையாம்.”

பிறகு மிச்சத்தையும் ஸல்ஹாதான் சொன்னாள். போத்தலில் இருப்பது தன்னுடைய சலம் என்றாள். முதல் தரம் ஏலாது என்றுதான் சொன்னாளாம். இன்பமலர் காலைப் பிடித்து அழுதாளாம். வெள்ளையாகத் திரண்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் மச்சாள் மூதூருக்கு அனுப்பிவிடுவா என்று அழுதாளாம். பாவம் பார்த்துக் கொடுத்துவிட்டு நாலு புதனாகத் தனக்கு நித்திரை இல்லை, இன்றைக்கு மருத்துவிச்சியிடம் தானே போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்ததாகச் சொன்னாள்.

கிறேஸ் இன்பமலரைப் பார்த்தாள். முந்தானை விலகிக் கிடந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு அந்த முகத்தை நேரே பார்க்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணிமைகள் ஊதி, கண் இரண்டும் கீற்றாகிக் கிடந்தன. மோதிர விரலில் சதை கன்றிப்போன தழும்பு இருந்தது. சவர்க்காரம் போட்டுக் கழற்றினது என்று பிறகு தெரிய வந்தது.

“மச்சாள், என்னை அனுப்பிப்போடாதீங்க,” என்றாள் இன்பமலர். “நேத்துப் பின்னேரம் தொடக்கம் தலை பிளக்குது. கண்ணுக்கு முன்னால மினுக்கு மினுக்கெண்டு பூச்சி பறக்குது. படுத்தா மாறிடும். நான் வேலை செய்வன்.”

கிறேசுக்கு முதலில் வந்தது கோபந்தான். ஏமாற்றிவிட்டாள், வீட்டாரைப்போலவே மறைத்துவிட்டாள் என்ற பழைய கொதிப்பு. இவளின் தாய் எப்படிச் செத்தாள் என்ற நினைவு அதன் பின்னால்தான் வந்தது. கரை முழுக்கத் தன் வைத்தியத்தைச் சொல்லித் திரிந்தவள், ஸல்ஹாவின் போத்தலை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தால் இன்றைக்கும் ஒருத்தருக்கும் தெரியவராது. அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. வந்தது. அவள் போத்தலைத் தூக்கி வாசலுக்கு வெளியே மண்ணில் கவிழ்த்தாள். கழுவிக்கொண்டு வந்து இன்பமலரின் கையில் கொடுத்தாள்.

“உன்டதைத் தா,” என்றாள்.

கொஞ்சந்தான் வந்தது. அதுவும் தேயிலைச் சாயம்போல இருந்தது. ஸல்ஹாவை இன்பமலருக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, கிறேஸ் கிளினிக்குக்கு ஓடினாள். மருத்துவிச்சி அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். விளக்கைக் கொளுத்திக் குழாயைப் பிடித்தாள். சூடேறியதும் மேலேயிருந்து வெள்ளை படர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே குழாய் முழுவதும் அவித்த முட்டை வெள்ளைபோல இறுகிவிட்டது.

மருத்துவிச்சி கிறேசின் முகத்தைப் பார்த்தாள். போன கிழமை இது எப்படித் தெளிவாக இருந்தது என்று கேட்கவில்லை. “உப்பைக் குறைச்சனீங்கதானே?” என்று மட்டும் கேட்டாள்.

“ஓம்,” என்றாள் கிறேஸ்.

அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. மருத்துவிச்சி நம்பினாளா இல்லையா என்று பஸ் வரும் வரைக்கும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நம்பாத முகமாகத்தான் இருந்தது.

எட்டரை பஸ்ஸில் பின்சீற் முழுவதையும் சனம் எழும்பி விட்டுக்கொடுத்தது. இன்பமலரை இடப்பக்கமாகச் சரித்து, தலையைக் கிறேசின் மடியில் வைத்தார்கள். வலிப்பு வந்தால் பல்லுக்கு நடுவில் வைக்க என்று மருத்துவிச்சி ஒரு கரண்டியில் சீலை சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பள்ளத்தில் விழாமல் ஓட்டும்படி சாரதியிடம் இரண்டு தரம் போய்ச் சொன்னாள். கிறேசின் கண் அந்தக் கரண்டியை விட்டு எடுபடவில்லை. மாதாவே, அது தேவைப்படக்கூடாது என்று நிலாவெளி, சாம்பல்தீவு எல்லாம் கடந்து போகும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற்றிய பிறகுதான் வலிப்பு வந்தது. ஒரு தரந்தான் வந்தது. அதை நேரே பார்த்துக்கொண்டு நின்ற கிறேஸ், நேர்ஸ் பிடித்துத் தள்ளும்வரை அங்கேயே நின்றாள்.

யன்னல்களை மூடி இருட்டாக்கிய அறையில் இன்பமலரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஊசி போட்டார்கள், பிறஷர் பார்த்தார்கள், யாரையும் கதைக்க விடவில்லை. சிறில் வேக்ஷொப்பிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடி வந்தவன் விறாந்தை வாங்கிலேயே கிடந்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, நாலு இறாத்தலுக்கும் குறைவு, கத்தவே கொஞ்ச நேரம் எடுத்தது. தாய் தப்புவாளா என்று டொக்டர் சனிக்கிழமை காலையில்தான் வாய் திறந்தார். தப்பிவிட்டாள் என்றார். மூன்று நாளாக அழாத கிறேஸ் அப்போது விக்கி விக்கி அழுதாள்.

அன்று பின்னேரம் நோயாளரைப் பார்க்கிற நேரத்தில் சிறில் ஒரு நீளக் கடதாசியோடு வந்தான். வேக்ஷொப்பில் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்துச் சுகாதாரப் பகுதி மேலதிகாரிக்குப் பெட்டிசம் எழுதியிருந்தான். அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். குச்சவெளி மருத்துவிச்சி கடமையில் அசட்டையாக இருந்தாள், நாலு கிழமை சலத்தைச் சோதித்தும் வருத்தத்தைக் கண்டுபிடிக்கவில்லை, வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை, அவளை இந்த வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு ஸல்ஹாவும் என்னவோ கொடுத்திருக்கிறாள் என்று தனக்குச் சந்தேகம், அதைப் பொலிசில் தனியாகச் சொல்லலாம் என்றான். அவன் கதைத்த விதம் அப்படியே கிறேஸ் கதைக்கிற விதமாக இருந்தது. யாரிடமிருந்து பழகினான் என்று அவள் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

“சாட்சிக்கு நீங்க ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா,” என்று பேனையை நீட்டினான்.

கிறேஸ் பேனையை வாங்கவில்லை. மருத்துவிச்சி இரண்டு நாளாகப் பின்னேர பஸ்ஸில் வந்து, இன்பமலரைப் பார்த்துவிட்டு, கிறேசிடம் ஒரு சொல்லும் கதைக்காமல் போய்க்கொண்டிருந்தாள். அவள் நினைத்திருந்தால் டொக்டரிடமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்பமலரும் சொல்லவில்லை. ஸல்ஹா குச்சவெளியில் இருக்கிறாள். ஒரு கையெழுத்தோடு இந்த விஷயம் இங்கேயே முடிந்துவிடும் என்று கிறேசுக்கு நன்றாகத் தெரிந்தது.

“தம்பி, அந்தக் கடுதாசியைக் கிழி,” என்றாள்.

“ஏன்?”

“அந்த மனிசி உப்பைக் குறைக்கச் சொன்னவ. நான்தான் கூட்டினனான். தண்ணி குடுக்கச் சொன்னவ, நான் ரெண்டு பேணிக்கு மேல குடுக்கேல்ல. ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ, நான் கொண்டுபோகேல்ல. போத்தலில சந்தேகப்பட்டவ, நான் சண்டை பிடிச்சனான். ஸல்ஹா அவளுக்குக் குடுத்தது பச்சைத் தண்ணி. அதுவும் இல்லையெண்டா இண்டைக்கு என்ன நடந்திருக்குமோ தெரியாது. பெட்டிசம் எழுதுறதெண்டா என்ட பேரைப் போட்டு எழுது, நான் கையெழுத்து வைக்கிறன்.”

விறாந்தையில் சனம் போய்வந்துகொண்டிருந்தது. சிறில் கடதாசியை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“நான் ஒவ்வொரு சனியும் வந்தனான்தானே,” என்றான் பிறகு. “அவள் எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்ல?”

“எனக்குப் பயத்தில.”

“உங்களுக்கு என்னத்துக்கக்கா பயப்பிடோணும்?”

கிறேஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கட்டிய மனைவியின் முகம் ஊதியிருப்பதைக் கண்டும், ஒரு அதட்டலுக்கு அடங்கி வாயை மூடிக்கொண்டு சோறு தின்றுவிட்டுப் போனவன் அவன்.

“நீ என்னத்துக்குப் பயந்தனி?” என்று கேட்டாள்.

தான் பயப்படவில்லை என்று அவன் சொல்லுவான் என்று காத்திருந்தாள். மணியடித்து, பார்க்க வந்த சனமெல்லாம் எழும்பிப் போகும்வரை காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.